கேட்ட வீட்டுக்குத் திரும்பிப் போனவர்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் முனைவர் குருமூர்த்தி ஐயா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் கூடப் பிறக்காத தங்கை மஞ்சுளா, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற மாணவச் செல்வங்களே, அம்மாபேட்டையிலிருந்து என்னோடு ஒரே பேருந்தில் வந்து இறங்கிய தாய்மார்களே! எல்லோருக்கும் மயிலம்மாளின் வணக்கம். கும்பிடத் தூக்கும்போதே கை கனக்கிறது. ஆனாலும் சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்துத்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். அடுப்பு வேலை, கோயில், இரண்டு வேளை விளக்கு, அன்றன்று வீட்டில் நடந்ததை நோட்டில் எழுதிவைப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். கல்லூரியில் பொருளாதாரப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரின் இரங்கல் கூட்டத்தில் இந்தம்மாவுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. பதினோரு வருஷத்துக்கு முன்பு நானும் இதையேதான் கேட்டேன். யாரிடம் கேட்டேன்? அவரிடமேதான் கேட்டேன்!

அன்றைக்கு ஆவணி அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன். ஒரு பையன் கையில் அட்டையும் தாளுமாக வந்தான். பெயர் மாதேஷ். பி.ஏ. இரண்டாம் வருஷம்.

"அம்மா, காலேஜ்ல இருந்து வரோம். உங்க தெருவுல எத்தனை தறி இருக்குது, இன்னிக்கு எத்தனை ஓடுதுன்னு கணக்கெடுக்குறோம்."

"எந்த ஊரு சாமி உனக்கு?"

"இதே அம்மாபேட்டைதாங்க. மூணாவது தெரு. எங்கப்பாவும் தறிதான்."

"உங்கப்பா இப்ப என்ன பண்றாரு?"

"வீட்ல படுத்துத் தூங்குறாருங்க."

"பட்டப்பகல்ல எதுக்குத் தூங்குறாரு?"

"இன்னிக்கு அமாவாசைங்களே, தறி லீவு..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். கையில் இருக்கிற தாளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நாற்பது வீடு ஏறி இறங்கியிருக்கிறான். முப்பத்தொரு வீட்டில் தறி நிற்கிறது என்று எழுதியிருக்கிறான். நூற்றுக்கு எழுபத்தேழரைப் பங்கு வேலையில்லாத் திண்டாட்டம்! சிவப்பு மசியில் அடிக்கோடு வேறு போட்டிருந்தான்.

இந்தத் தப்பை வெளியூர்ப் பையன் செய்ய மாட்டான். 'ஏன் எல்லாத் தறியும் நிற்குது' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். உள்ளூர்ப் பையனுக்கு அமாவாசை என்பது மூச்சு மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், பதில் சொல்ல ஆள் கிடைக்கும் என்றுதான் அந்த நாளையே பார்த்து எடுத்திருக்கிறார்கள் பிள்ளைகள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா. பேச்சு சங்ககிரிப் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங்கம்மா, நேத்து எங்க பையனக் கேள்வி கேட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. விளையாட்டாக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு எம்மேலதானுங்க. அந்தத் தேதிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். எங்க ஊருல லாரிதான், தறி கெடையாது. எனக்கு அமாவாசை தெரியாம போச்சு. நாளைக்கு எங்க வகுப்புக்கு வந்து அவனக் கேட்ட மாதிரியே மத்தவங்களையும் கேக்க முடியுங்களா?"

"நான் எட்டாங்கிளாசுங்க. காலேசுல எனக்கு என்ன வேலை?"

"எனக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குங்க. அதுதான் வேலை."

அவர்தான் தீர்த்தகிரி. பேராசிரியர், முனைவர் தீர்த்தகிரி! கல்லூரிக் காகிதத்தில் அவருக்குப் பேர் கௌரவ விரிவுரையாளர். பத்தொன்பது வருஷமும் அதே பேர்தான். பேராசிரியர் என்று யாரும் அவருக்கு ஆணை எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாபேட்டை கொடுத்தது. எங்கள் தெருவில் அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது.

மறுநாள் போனேன். முப்பது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. கேட்டேன். திணறினார்கள். ஐந்து நாள் கழித்து அதே நாற்பது வீட்டுக்கு மறுபடி அனுப்பினார். தறி நின்ற வீடு நாலு. முப்பத்தொன்று எங்கே, நாலு எங்கே! அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அந்த வருஷம் முழுக்க வகுப்புச் சுவரிலேயே விட்டுவைத்தார். எது சரி என்று எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான்.

எதற்கு அப்படி? சூத்திரம் தெரிந்த பிள்ளைகள்தானே அவர்கள்! சராசரி போடத் தெரியும், சதவீதம் போடத் தெரியும். பரீட்சையில் கொடுத்த எண்ணை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவார்கள். அந்த எண் எந்த வீட்டில் பிறந்தது, யார் வாயிலிருந்து வந்தது, எந்த நாளில் வந்தது என்று கேட்கத் தெரியாது. படித்தது ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை போட முடியுமா என்றுதான் அந்த மனிதர் பதினோரு வருஷம் பார்த்தார்.

அவருடைய வகுப்பில் சூத்திரம் கடைசியில்தான் வரும். முதலில் ஒரு துண்டுத் தாள். "இந்தத் தெருவுல ஒரு ஊட்டுல எத்தன பேரு வேலைக்குப் போறாங்கன்னு நெனைக்கிற? எழுது. மடிச்சு வை." அப்புறம்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வந்து, மடித்ததைப் பிரிக்க வேண்டும். "நீ நெனச்சது ஒண்ணு, கண்டது ஒண்ணு. நடுவால இருக்குதே ஒரு பள்ளம், பாடம் அங்கதான் கெடக்குது சாமி" என்பார். அந்தப் பள்ளத்தை அளக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டால்தான் கரும்பலகையில் சூத்திரம் ஏறும். கேட்காவிட்டால் ஏறாது. ஒரு வருஷம் கார்த்திகை வரைக்கும் ஏறவில்லையாம்!

என் நோட்டையும் அவர் விடவில்லை. எங்கள் தெருக் குழாயில் எந்தெந்தத் தேதி தண்ணீர் வந்தது என்று கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வகுத்து, "சராசரியா ஆறு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருதுங்கம்மா" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, சித்திரையில பதினாலாவது நாளும் காலிக் கொடத்தோட நிக்கிறவளுக்கு உன்னோட ஆறை ஊத்திக் குடுத்தா தாகம் அடங்குமா?" என்று கேட்டேன்.

பேராசிரியர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிறகு எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். எல்லா எண்ணையும் சிறிசிலிருந்து பெரிசாக வரிசையில் நிறுத்து, நடுவில் நிற்பவனைப் பார், இரண்டு ஓரத்தையும் பார், அப்புறம் சராசரியைப் பக்கத்தில் வை என்று. நூலகத்தில் புத்தகம் வாங்கி நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இடைநிலை என்ற வார்த்தையை ஐம்பது வயதில் கற்றுக்கொண்டவள் நான்.

ஆனால் அவருடைய முறைகளிலேயே பெரிய முறை ஒன்று இருந்தது. கேட்ட வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்! எந்த வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டாயோ, அதே வீட்டுக்கு முடிவோடு போய், அங்கே இருக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். புரிந்ததா இல்லையா என்று வீட்டுக்காரம்மா ஐந்துக்கு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்ணைத்தான் அவர் பதிவேட்டில் ஏற்றுவார். "அந்தம்மாளுக்குப் புரியலீன்னா உனக்கே புரியலீன்னு அர்த்தம்" என்பார்.

மாதேஷ் என் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் உட்கார்ந்து மாதிரி, மாதிரிப் பிழை, நம்பக எல்லை என்று கால் மணி நேரம் பேசினான். நான் மோர் கொடுத்தேன். இரண்டு மதிப்பெண் போட்டேன்.

"என்னங்கம்மா, அஞ்சுக்கு ரெண்டா? மோரு கூட நானாக் கேக்கல, நீங்களாத்தான் குடுத்தீங்க!"

"மோருக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்ல சாமி. போயிட்டு மறுபடி வா."

மூன்றாவது தடவை வந்தபோது அவனே நேராக அடுப்படிக்கு வந்துவிட்டான். "அம்மா, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றீங்கல்ல? கிண்டாம மேலால ஒண்ணு எடுத்துப் பாத்தா அடி புடிச்சது தெரியுமா?"

"தெரியாது."

"அதாங்கம்மா. நான் அமாவாசையில பண்ணது அதான். பானையக் கிண்டாம எடுத்துட்டேன்."

நாலு போட்டேன். இன்னும் ஒன்று ஏன் குறைத்தேன் என்று இன்றைக்கும் கேட்கிறான். முழுசாகப் போட்டால் பையன் படிப்பை நிறுத்திவிடுவான் என்று பயம்.

பெரியோர்களே! இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நல்லது. நல்லதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் உங்களுக்கும் இதமாக இருக்கும், எனக்கும் இதமாக இருக்கும். அவருக்கு மட்டும் பிடிக்காது. 'எண்ணாமப் புகழாதீங்கம்மா' என்று என்னிடமே பலமுறை சொன்னவர். அதனால் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு என்னைப் பேசச் சொன்ன அன்றைக்கே ஒரு துண்டுத் தாள் எடுத்தேன். அவரிடம் இந்தப் பாடம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு அதைத் தொழிலில் பயன்படுத்துகிறார்கள்? பாதிப் பேர் என்று எழுதி மடித்துச் சாமிப் படத்தின் அடியில் வைத்தேன். பிறகு அவர் மனைவி மஞ்சுளாவிடம் பதிவேட்டை வாங்கினேன். பதினோரு வருஷத்தில் நூற்று முப்பத்தெட்டுப் பேர். கைப்பேசி எண் இருந்தது தொண்ணூற்றாறு பேருக்கு. ஒன்பது நாள் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுத்துப் பேசியவர்கள் அறுபத்தொரு பேர்.

பயன்படுத்துகிறவர்கள் நாலு பேர்.

பாதி எங்கே, நாலு எங்கே! துணிக்கடையில் நிற்கிறார்கள். லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார்கள். கோழிப்பண்ணையில் இருக்கிறார்கள். சாயப்பட்டறையில் இருக்கிறார்கள். பாதிப் பெண் பிள்ளைகள் கல்யாணமாகி என்னைப் போல வீட்டில் இருக்கிறார்கள். ஒரு பெண் சொன்னாள்: "சார் நடத்துனது எல்லாம் ஞாபகம் இருக்குதும்மா. ஆனா எங்கிட்ட யாரு கேக்குறா?" கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த மனிதரின் மாணவி பேசுகிற பேச்சா இது! எடுக்காதவர்களை விட்டுவிட்டு எண்ணக்கூடாது என்பார் அவர். சரி, எடுக்காத முப்பத்தைந்து பேரில் நல்ல வேலையில் இருப்பவர்கள் இருக்கலாம். இருக்கட்டும் என்றுதான் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதலைக் கணக்கில் சேர்க்க முடியாதே!

அந்த நாலு பேரில் ஒருவன் மாதேஷ். எங்கே இருக்கிறான்? போர்வெல் லாரியில், சத்தீஸ்கரில். இன்றைக்கு வர முடியவில்லை. போனில் பேசியதை எழுதி வைத்திருக்கிறேன்.

"அம்மா, இங்க எண்ணூறு அடிக்குக் கீழ போனா தண்ணி கெடைக்கிறதே இல்லீங்க. எழுபத்திரண்டு குழி எழுதி வெச்சிருக்கேன். எண்ணூறுக்குக் கீழ போன இருபத்தாறுல ஒண்ணுலதான் தண்ணி."

"உங்க ஓனருகிட்டக் காட்டுனியா?"

"காட்டுனேன். எத்தன அடி போடுறோமோ அத்தன அடிக்குத்தான்டா வருமானம், நீ நிறுத்தச் சொல்றியான்னு கேட்டாரு. இன்னொரு தடவ நோட்ட வெளிய எடுத்தா ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுருவேன்னுட்டாரு."

"அப்ப அந்த விவசாயிகிட்டயாவது சொல்லுடா."

"அவரு பாஷை எனக்குத் தெரியாதும்மா."

இதுதான் பயன்படுத்துகிறவர்களில் ஒருவன் கதை. ஐந்துக்கு ஐந்து போட வேண்டிய பிள்ளை. போட்டு என்ன ஆகப்போகிறது?

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் பன்னிரண்டு பிள்ளைகள்தான். ஆத்தூர்ப் பக்கம் சேகோ பேக்டரிகளில் ஜவ்வரிசிக்காக மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கப் போகிற பெண்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று தை மாதத்தில் கேட்டார்கள். ஆளுக்குப் பத்து வீடு, மொத்தம் நூற்று இருபது வீடு. சொந்தமாகக் கொஞ்சம் காடு கழனி இருக்கிறவளுக்கும் இல்லாதவளுக்கும் வேலை நாளில் வித்தியாசம் உண்டா என்பது கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும், முடிவோடு திரும்பி வருவோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அவரே கூடப் போய்ச் சொல்ல வைத்திருக்கிறார்.

மாசி மூன்றாம் தேதி, சனிக்கிழமை. சந்தேகமாக இருந்த மூன்று தாளைச் சரிபார்க்க மறுபடி ஆத்தூர் போனார். திரும்பும் பேருந்தில் வாழப்பாடி தாண்டி நெஞ்சைப் பிடித்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னதற்கு, 'வேண்டாமுங்க, எல்லாருக்கும் நேரமாயிரும்' என்றாராம். சேலத்தில் இறங்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரி போனார். மறுநாள் காலை மஞ்சுளா எனக்குப் போன் செய்தபோது விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பத்துநாலு வயது. ஐம்பத்துநாலு!

நான் சாமி கும்பிடுகிறவள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அந்த மாரியம்மனிடம் கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பதில் வரவில்லை. வந்ததாக இந்த மேடையில் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அது இல்லாத வீட்டுக்குப் போனதாகத் தாள் நிரப்புகிற வேலை.

அவர் போன பத்தாம் நாள், அவர் நினைவாகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதோடு வேலை நின்றுவிட்டது! நூற்று இருபது தாளில் அவர் பார்த்து முடித்தது எழுபத்துநாலு. மிச்சம் நாற்பத்தாறு ஒரு துணிக்கடைப் பையில் கிடந்தது. மஞ்சுளா அதை என் கையில் கொடுத்தாள்.

சொன்ன வாக்குப்படி அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போகலாம் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டேன். தீபிகா மட்டும் வந்தாள்.

"அம்மா, எனக்குப் போகணும்னுதான் இருக்குது. திங்கக்கெழம ஓசூர்ல ட்ரெயினிங். போகலன்னா அந்த வேலையும் இல்ல."

"என்ன வேலை கண்ணு?"

"செல்போன் பார்ட்ஸ் சேக்குற கம்பெனிங்கம்மா."

"அங்க நீ படிச்சது எதுக்காவது ஆகுமா?"

"வயசும் கண்ணாடி போடாத கண்ணும்தாம்மா கேட்டாங்க" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்? அப்பனுக்கு இடுப்பு ஒடிந்து கிடக்கிற வீடு அது.

குருமூர்த்தி ஐயாவையும் பார்த்தேன். வரும் ஜூனிலிருந்து அந்தப் பாடமே இல்லை, அதற்குப் பதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற நாற்பது கேள்வி என்றார். "அம்மா, ஏழு பேர் இருக்க வேண்டிய துறையில் ரெண்டு பேர் இருக்கோம். யாரை வெயிலில் அனுப்புவது?" என்று கேட்டார். ஐயா இன்று தீர்த்தகிரி பெயரில் ஒரு பதக்கம் கொடுப்பதாக அறிவித்தார். நன்றி ஐயா. அதிக மதிப்பெண் எடுப்பவருக்குப் பதக்கம் என்றீர்கள். எந்த மதிப்பெண் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை.

பையைப் பிரித்து நானே உட்கார்ந்தேன். நாற்பத்தாறு தாளையும் படித்தேன். நூற்று இருபது எண்ணையும் வரிசையில் நிறுத்தினேன். நடுவில் நிற்பவள் பன்னிரண்டு நாளில் நிற்கிறாள். கடைசி ஓரத்தில் நிற்பவள் நாலு நாளில் நிற்கிறாள். காடு இருக்கிறவளுக்குப் பதினாலு, இல்லாதவளுக்குப் பதினொன்று. இது நிஜமான வித்தியாசமா, தற்செயலாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. அதை அவர் எப்போதும் கடைசி மாதத்தில்தான் எடுப்பார். எனக்கு அது வராது. பத்து நாள் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். வரவில்லை.

இந்த மண்டபத்தில் அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். இருக்கிறீர்களா இல்லையா? நாலு பேரிடம் கேட்டேன். ஒருவர், "கம்ப்யூட்டரில் போட்டால் அரை நிமிஷம்தாம்மா" என்றார். மூன்று வாரமாகிறது. அந்த அரை நிமிஷம் இன்னும் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் மட்டும் ஆத்தூருக்குப் பேருந்து ஏறினேன். முதல் தாளில் இருந்த வீடு அத்தாயி என்கிற அம்மாளுடையது. சொந்தக் காடு கிடையாது. பேக்டரிக் களத்தோரம் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள். தை மாதத்தில் பிள்ளைகள் வந்து கேட்டார்களே என்று சொன்னேன்.

"யாரு யாரோ வராங்க, கேக்குறாங்க. நான் என்ன சொன்னேன் அன்னிக்கு?"

"மாசத்துல பதினோரு நாள் வேலைன்னு சொல்லியிருக்கீங்க."

"அப்பிடியா? இப்ப ஏழுதான். கிழங்கு வரத்து இல்ல." தாளை எட்டிப் பார்த்தாள். "ஏழுன்னு மாத்தி எழுதிக்கங்க."

மாற்றி எழுத முடியாது. அந்தத் தாள் தை மாதத்துக்கு உரியது. பங்குனிக்கு எங்களிடம் தாளே இல்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நூற்று இருபது பேரை வரிசையில் நிறுத்தினால் நீ நடுவுக்கு ஒரு படி கீழே நிற்கிறாய் என்று சொன்னேன். காடு இருக்கிறவர்களுக்கு மூன்று நாள் கூட வருகிறது, அது நிஜமா தற்செயலா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

"அது தெரிஞ்சவரு வரலியா?"

"அவரு செத்துப் போயிட்டாருங்க."

கையில் இருந்த கிழங்கைத் தோலுரித்து முடித்துக் கீழே போட்டாள். "அந்த மூணு பேனா வெச்சிருந்தவரா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, இதச் சொல்றதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். திரும்பி வருவோம் என்று சொல்லியிருந்தோம், அதனால் வந்தேன் என்றேன். மதிப்பெண் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன போட்டிருப்பாள் என்று எனக்கே தெரியும்.

பெரியோர்களே, தாய்மார்களே! இப்படிப்பட்ட கூட்டங்களில் 'அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்' என்று சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அப்படித்தான் முடித்தார்கள். தொடர்வோம் என்று சொல்ல நானும் ஆசைப்படுகிறேன். யாரைச் சேர்த்துக்கொண்டு 'வோம்' போடுவது? பாடம் இல்லை. பிள்ளைகள் இல்லை. கடைசிக் கணக்குப் போட ஆள் இல்லை. எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேனே, இதுதான் எண்ணிக்கை.

அதனால் தொடர்வேன் என்று ஒருமையில் சொல்கிறேன். பேராசிரியர் தீர்த்தகிரி அவர்களே! வெள்ளிக்கிழமைக்கு மூன்று வீடு போனால் மீதி நூற்றுப் பத்தொன்பது வீட்டுக்கு நாற்பது வெள்ளிக்கிழமை ஆகும். போவேன். அதனால் ஒருத்திக்கு ஒரு நாள் வேலை கூடுமா? கூடாது. படிப்புக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள் போட நினைத்த பலகை நிற்குமா? நிற்காது. தெரிந்துதான் போகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை முதலில் பச்சமுத்து என்பவர் வீடு. அவர் மனைவிக்குத் தை மாதத்தில் ஒன்பது நாள் வேலை என்று தாளில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டிவிட்டு, பாதி முடிவைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்ல வேண்டியவர் இல்லை என்று அந்த வீட்டிலும் சொல்ல வேண்டும்.